உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும்

எர்மெக்குக்குப் பேச்சு வரும், வெல்டிங் வராது. பெக்தெனுக்கு வெல்டிங் வரும், பேச்சு வராது. தொழிற்பள்ளியின் கடைசி வருஷ வேலைக்கு ஜோடி சேரச் சொன்னபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கூடக் கொள்ளவில்லை. அது எப்போதோ முடிவான விஷயம்.

அந்தக் கடைசி வருஷ வேலை ஒரு தொல்லை. ஜோடி ஜோடியாக ஏதாவது ஒரு பொருளைச் சொந்தக் கையால் செய்ய வேண்டும். செய்து பட்டறையில் வைத்தால் போதாது. அது வெளியே போய் நிற்க வேண்டும், யாருக்காவது உதவ வேண்டும். அதைத் தேர்வுக்குழு வந்து கண்ணால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. மற்றவர்கள் இரும்புக் கதவு, அடுப்பு, ஆட்டுத் தீவனத் தொட்டி என்று போனார்கள். எர்மெக் பட்டறை ஆசிரியர் காலிஸ் அகாயிடம் போய், "எங்க ஊரு திருப்பத்துல பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்கு ஒரு கூரை போடறோம் அகாய்" என்றான்.

"ஊருக்காகவா? நீயா?" என்றார் அகாய். "போன வாரம் என் தொப்பிய வெல்டு வெச்சு மேசையோட ஒட்டினவன்தானே நீ?"

"தொப்பில இருந்த பட்டன மட்டும்தான் அகாய்."

ஊருக்காக இல்லை என்பது பெக்தெனுக்கு மட்டும் தெரியும். எர்மெக்கின் அம்மா சைராகுலுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் மினிபஸ் ஏறி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஊரின் கோக்-ஜார் திருப்பத்தில் ஒரு கம்பம் இருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. கணவாயிலிருந்து இறங்கும் காற்று நேராக அந்தக் கம்பத்தைத்தான் தேடி வரும். சைராகுல் அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், "உங்கப்பன் போனப்புறம் கட்டிப்பிடிக்க வேற யாரு இருக்கா?" என்பாள். அப்பா ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனார். வேலையும் கிடைத்தது, வேறு குடும்பமும் கிடைத்தது.

இரும்பை அவர்களே தேட வேண்டும். பழைய கூட்டுப்பண்ணையில் தண்ணீர் தெளிக்கிற குழாய்கள் துருப்பிடித்துக் கிடந்தன. கழுதை வண்டியில் ஏற்றி வந்தார்கள். எர்மெக் சதுரமாகத்தான் வரைந்திருந்தான். பெக்தென் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, அன்றைக்கு உண்டான முழுப் பேச்சையும் பேசினான்: "சதுரம்னா காத்து அடிச்சுச் சாய்ச்சிடும். வட்டம்னா வழுக்கிட்டுப் போயிடும். அச்சு இருக்கு."

அச்சு இருந்தது உண்மைதான். ஊரில் யார் இறந்தாலும் மேட்டு இடுகாட்டில் அவர் தலைக்குமேல் இரும்பில் ஒரு கூடாரம் எழும். உயிரோடு இருக்கும்போது கம்பளிக் கூடாரம், அப்புறம் கம்பளி இல்லாத வெறும் எலும்புக் கூடாரம். அதைச் செய்து தருவது பள்ளிப் பட்டறைதான். பைப்பை ஒரே அளவாக வளைக்கிற அச்சு சுவரோரம் எப்போதும் தயாராக நிற்கும். அதில் வளைத்தார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

குளிர்காலம் முழுக்க வேலை. பெக்தென் வைக்கிற வெல்டு மீன் செதில் மாதிரி வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து இருக்கும். எர்மெக் வைப்பது காக்கை எச்சம். எந்த மூட்டு யாருடையது என்று கண் தெரியாதவன்கூடத் தடவிச் சொல்லிவிடலாம். "நீ ராடு எடுத்துக் குடு, போதும்" என்று பெக்தென் அவனை ஓரம் கட்டப் பார்த்தான். எர்மெக் வம்புக்கென்றே சில மூட்டுகளை வைத்தான்.

காற்றுப் பக்கம் இடுப்பளவுக்குத் தகடு அடித்தார்கள். அதற்குமேல் தகடு தீர்ந்துவிட்டது. பட்டறைக்குள் அது அழகான கூடாரமாகத்தான் இருந்தது. பனி உருகியதும் லாரியில் கொண்டுபோய்த் திருப்பத்தில், புல்லும் வானமும் தவிர வேறு எதுவுமில்லாத இடத்தில், காலுக்குக் கான்கிரீட் போட்டு நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டுப் பத்தடி தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

எர்மெக் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"கல்லறைடா," என்றான் பெக்தென்.

அப்புறம் இருவருக்கும் சிரிப்பு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெக்தென் உள்ளே போய்க் கையை மார்பில் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தான். "அளவு சரியா இருக்குடா." அந்த நேரம் பார்த்து ஆட்டுப் பால் எடுத்துக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் அலறிய அலறலில் கழுதை மிரண்டு ஓடியது.

சிரிப்பு அன்றோடு சரி. இடுகாட்டைக் கடந்து போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவி, இறந்தவர்களுக்காக ஆமீன் சொல்வது வழக்கம். கை தானாகச் செய்யும், மூளையைக் கேட்காது. மறுநாள் ஜோல்தோஷ் ஓட்டி வந்த மினிபஸ் திருப்பத்தை நெருங்கியதும் உள்ளே பாட்டு நின்றது. பஸ் முழுக்கக் கைகள் எழுந்து முகங்களைத் தடவின. ஜோல்தோஷ் ஒரு கையால் தடவினான். வண்டி நிற்காமல் போய், தூரத்தில் மதகுப் பாலத்துக்கிட்டே நின்றது. கூடாரத்துக்குள் ஒதுங்கியிருந்த சைராகுல் எதிர்க்காற்றில் மூச்சு வாங்க வாங்க அதுவரை நடந்து போனாள்.

எர்மெக் பஸ் நிலையத்துக்கே போய்ச் சண்டை பிடித்தான். "ஜோல்தோஷ் அண்ணே, எங்கம்மாவ நடக்க விடறீங்களே, நியாயமா?"

"நான் என்னடா பண்ணுவேன்? அதப் பார்த்தா கை மூஞ்சிக்குப் போகுது, காலு பிரேக்குக்குப் போக மாட்டேங்குது. கல்லறைகிட்ட வண்டிய நிறுத்தி ஆள் ஏத்தறதா? வர்ற ஆளு யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மாதான்!"

"உங்கம்மாதான். ஆனா அந்தக் காலை இருட்டுல வர்றது உங்கம்மான்னு நான் எப்படிடா நம்பறது?"

மஞ்சள் அடித்துப் பார்த்தார்கள். மஞ்சள் கல்லறை ஆனது. 'பேருந்து நிறுத்தம்' என்று எழுதிப் பார்த்தார்கள், யாரும் படிக்கவில்லை. கடைசியில் பெக்தென் ஒரு தகட்டில் சிவப்புப் பெயிண்டால், தப்பில்லாமல், நிதானமாக எழுதிக் கொண்டுவந்து வாசலில் மாட்டினான்: உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும். அவன் வாழ்நாளில் எழுதிய ஒரே ஜோக் அதுதான். ஜோல்தோஷ் அதையும் படிக்காமல் மதகில் போய்த்தான் நிறுத்தினான்.

சைராகுல் மட்டும் அந்தக் கூடாரத்தை விடவில்லை. சீக்கிரமே வந்து தகட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் எழுந்து மதகுக்கு நடக்க ஆரம்பிப்பாள். "உக்காந்திருக்கிற வரைக்கும் காத்து இல்லடா. அது போதும். அதுவுமில்லாம, பஸ் முழுக்க எனக்காக துவா பண்ணிட்டுப் போகுது. எந்த கான் ராஜா பொண்டாட்டிக்கு இந்த மரியாதை நடக்கும்?"

தேர்வுக்குழு வந்த அன்று, எர்மெக் வகுப்புப் பையன்களைச் சூரியகாந்தி விதை வாங்கிக் கொடுத்து உள்ளே உட்கார வைத்திருந்தான். அவர்களும் பயணிகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொறித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்போது ஜோல்தோஷின் பஸ் வந்தது. உள்ளே எல்லாக் கைகளும் எழுந்தன. குழுவில் இருந்த அம்மாளின் கையும் எழுந்தது. பாதி முகத்தில் கையோடு அவர் திடுக்கிட்டு நின்றார்.

காலிஸ் அகாய் வெல்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். காக்கை எச்சம் வந்த இடங்களில் விரலை எடுத்துக்கொண்டார். "வெல்டிங்குக்கு அஞ்சுக்கு அஞ்சு. மூளைக்கு மூணு. கூட்டி வகுத்தா நாலு. போய்த் தொலைங்க" என்றார்.

சான்றிதழ் கைக்கு வந்த கோடையில் பெக்தென் மாஸ்கோவுக்குப் போனான். சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. எர்மெக் அம்மாவை விட்டுவிட்டு எங்கே போவது? ஊரிலேயே கதவு செய்கிற பட்டறையில் சேர்ந்தான். பெக்தென் போனில் பேச மாட்டான், படம் அனுப்புவான். எல்லாம் பஸ் நிறுத்தங்களின் படம். கண்ணாடி வைத்தது, விளக்கு வைத்தது, விளம்பரம் ஓடுவது. ஒரு படத்தின் கீழே மட்டும் எழுதியிருந்தான்: "இதுல பெஞ்சு சூடா இருக்குடா. கம்பிக்குள்ள கரண்ட். அம்மாவுக்கு இந்த மாதிரி போடணும்."

இலையுதிர்காலத்தில் அவன் வேலை செய்த கட்டிடத்தில் சாரம் சரிந்தது. விமானத்தில் பெட்டியாக வந்தான்.

சாவு வீட்டுக்குப் போகிற ஆண்கள் வாசலை நெருங்கும்போதே குரலெடுத்து அழுதுகொண்டு போக வேண்டும். என் தம்பியே, என் தூணே என்று. எர்மெக் தெருமுனையிலிருந்து வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. திறந்த வாயோடே நடந்து போய் வரிசையில் நின்றான். மேட்டில் மண் போட்ட பிறகு எல்லோரும் கையை முகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவன் கை மேலே வரவேயில்லை.

நாற்பதாம் நாள் சோறு முடிந்து சில நாள் கழித்து, பெக்தெனின் அப்பா இசாபெக் எர்மெக் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். இந்த வருஷம் வைக்கோல் சரியில்லை என்றார். ஒரு ஆடு நொண்டுகிறது என்றார். இரண்டாவது கிண்ணமும் குடித்தார். அப்புறம் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நகரத்துல கல்லு செதுக்கறவங்க இருக்காங்க. போட்டோகூடப் பதிக்கறாங்களாம். ஆனா... அவன் கைபட்டதுன்னு இந்த ஊர்ல திருப்பத்துல நிக்கற அது ஒண்ணுதான், சைரா."

எர்மெக்குக்குப் புரிந்துவிட்டது. வெளியே காற்று கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலம் தொடங்கப்போகிறது. "மாமா, நான் புதுசா செஞ்சு தரேன்," என்று அவசரமாகச் சொன்னான். "இதவிட நல்லதா. நல்ல பைப்பு வாங்கி, பெயிண்ட் அடிச்சு. ராத்திரி பகலா உக்காந்து செஞ்சு தரேன்."

"செய்வே. நீ செய்வே, கண்ணு. ஆனா வெல்டு அவன் வெச்சதா இருக்காதே."

எர்மெக் எழுந்துபோய், ஆடிக்கொண்டிருந்த கதவை இழுத்துச் சாத்தினான்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றாள் சைராகுல்.

அவர் போன பிறகு அவன் வெடித்தான். "நீ எங்கம்மா நிப்ப? உனக்காகத்தான் அத செஞ்சோம்! அவனுக்கும் தெரியும் அது!"

"தெரியும்டா. எனக்கும் தெரியும். எனக்குக் கம்பம் இருக்கு, கட்டிப்பிடிச்சுக்குவேன். அவன் மேல இப்ப என்ன இருக்கு? வெறும் மண்ணு. காத்து அங்கயும்தான் அடிக்குது."

மறுநாள் கிரைண்டரை எடுத்துக்கொண்டு போனான். தகடுகளைக் கழற்றினான், கால்களைக் கான்கிரீட்டோடு ஒட்டி அறுத்தான். லாரியில் ஏற்றும்போது ஒரே ஒரு மூட்டு விட்டுக்கொண்டது. பார்க்கவே வேண்டாம், அது எர்மெக் வைத்தது. மீன் செதில் ஒன்றுகூட அசையவில்லை.

மேட்டில் இறக்கி மண்மேட்டின் மேல் வைத்தார்கள். யாரோ அளக்க நாடாவை நீட்டினார்கள். "வேண்டாம், சரியா இருக்கும்" என்று எர்மெக் வாங்கவில்லை. விட்டுப்போன மூட்டுக்கு அவனே ராடு வைத்தான். முகமூடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, கையை ஆட்டாமல், பெக்தென் வைக்கிற மாதிரியே, மெதுவாக, ஒன்றன்மேல் ஒன்றாக. ஆறியதும் கசடைத் தட்டிப் பார்த்தான். காக்கை எச்சம்தான். முகமூடியைக் கழற்ற வெகுநேரமாயிற்று. இசாபெக் வந்து அந்த மூட்டைத் தடவிப் பார்த்தார். "இதுவும் இருக்கட்டும்" என்றார்.

பெக்தென் எழுதிய அந்தப் பலகையை மட்டும் அங்கே வைக்க முடியாது. எர்மெக் அதைத் திரும்பக் கொண்டுவந்து திருப்பத்துக் கம்பத்தில் கம்பியால் கட்டினான்.

புதிதாக ஒன்று நிறுத்த வேண்டுமானால் பனி உருகித்தான் கான்கிரீட் போட முடியும்; அதுவரை சைராகுல் அதற்குக் கீழேதான் நிற்கிறாள். ஜோல்தோஷின் பஸ் மதகுக்குப் போவதில்லை. நேராகக் கம்பத்துக்கு வந்து அவள் காலடியில் நிற்கிறது. "பாத்தியா, இப்பத்தான்டா மரியாதை" என்கிறாள் அவள், உதடு நீலமாகி. பஸ் வரும்வரை எர்மெக் அவளுக்கும் கணவாய்க்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்கிறான்.

"தள்ளி நில்லுடா. உன் மேல இருக்கிறது எலும்பு. ரெண்டு பக்கமும் காத்து வருது."

அவன் தள்ளி நிற்பதில்லை.

அவளை ஏற்றிவிட்டு, வண்டி மேட்டை ஒட்டி வளைவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த இடத்தில் வேகம் கொஞ்சம் குறையும். உள்ளே பாட்டு நின்றிருக்கும், எல்லாக் கைகளும் முகத்துக்குப் போயிருக்கும், அம்மாவுடையதும். மஞ்சள் கூடாரம் மட்டும் தனியாகத் தெரியும். எர்மெக் கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு, வண்டி மறையும்வரை அந்தப் பலகைக்குக் கீழே நிற்பான்.