நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் இறங்காத ஒரு துறைமுகமும்

முதல் மாரத்தானை வெளிநாட்டில் ஓடிவிட்டு, அப்படியே கிரேக்கத் தீவுகளைக் கப்பலில் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாக வரலாம். 1995-ல், தீபாவளி முடிந்த அதே வாரம் கிளம்பி நான் இரண்டையும் செய்தேன். ஓட்டம் என்னைக் கொல்லவில்லை. கப்பல்தான் கிட்டத்தட்ட என் வேலையைக் கொன்றிருக்கும்.

அப்போது நான் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். வயது முப்பத்தெட்டு. மனைவி செல்வி, இரண்டு பெண் குழந்தைகள், இரண்டு அறை குவார்ட்டர்ஸ். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி, செல்வி பாடியில் பிறந்து வளர்ந்தவள். வருடா வருடம் தொழிற்சாலை விளையாட்டு விழாவில் பத்து கிலோமீட்டர் ஓடி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருவேன். அதற்கு மேல் ஆசை எதுவும் இருந்ததில்லை. ஆசையைக் கிளப்பிவிட்டது என் மச்சினன் பாபு.

பாபு செல்வியின் தம்பி. பாடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், யாரையோ பிடித்து ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பலில் சலவைப் பிரிவில் சேர்ந்துவிட்டான். பேசுவதைப் போலவே கடிதம் எழுதுவான். “மாமா, இங்க மாரத்தான்னு ஒரு ஊரு கீது. அங்கேர்ந்து ஏதென்ஸுக்கு ஜனம் ஓடுது. நீ குவார்ட்டர்ஸையே சுத்திகினு கீறியே, இங்க வந்து ஓடு. ஓடிட்டு என் கப்பல்ல தீவெல்லாம் பாத்துட்டுப் போ. எங்க குடும்பத்துக்குக் கால் வெலதான்.” முந்நூற்றுப் பத்து டாலர் டிக்கெட் எனக்கு எண்பது டாலர். விமான டிக்கெட் துபாய் வழியாகப் போகவர இருபத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய். செல்வி இரண்டு நாள் யோசித்துவிட்டு, “போய்ட்டு வாங்க, இல்லேன்னா ஆயுசுக்கும் அதையே சொல்லிகினு இருப்பீங்க” என்றாள்.

இப்போது அரசாங்க வேலையில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பாதுகாப்புத் துறைத் தொழிலாளி வெளிநாடு போவது லேசுப்பட்ட காரியமில்லை. அனுமதிக் கடிதம் வர எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதில் ஒரே ஒரு நாட்டின் பெயர்தான் இருந்தது: கிரீஸ். திரும்பி வந்த மூன்று நாளுக்குள் பாஸ்போர்ட்டைக் காட்டி, எங்கெங்கே போனேன் என்று கைப்பட எழுதித் தர வேண்டும். அலுவலகக் கண்காணிப்பாளர் லூர்துசாமி சார் கடிதத்தைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். “கிரீஸ்னு கேட்டீங்க, கிரீஸ்னு வந்திருக்கு. வேற தேசத்துல போய் நின்னுட்டு வந்தீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.” அவர் மிரட்டவில்லை. எங்கள் பக்கத்துப் பிரிவில் ஒருவர் சிங்கப்பூருக்கு அனுமதி வாங்கி, மலேசியாவையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, எட்டு மாதமாகத் தற்காலிக வேலைநீக்கத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலை நாலே முக்காலுக்குக் கிளம்பி, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி போய்த் திரும்பினால் சுமார் இருபது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நசரத்பேட்டை வரை நீட்டிக்கொள்வேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரிப்பார்கள். கரையான்சாவடி டீக்கடைக்காரர் ஒருநாள், “யாரு தொரத்துறாங்க அண்ணாத்தே?” என்று கேட்டார். எங்கள் பக்கம் மேடு என்று சொல்ல ஒரு ரயில்வே பாலம்தான். அதில் ஏறி இறங்கியதை மலைப் பயிற்சி என்று நோட்டில் எழுதிவைத்தேன். இந்த மடத்தனத்துக்கு ஏதென்ஸில் பலன் கிடைத்தது.

வெள்ளி இரவு கிளம்பி சனி மதியம் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு டாக்சி இரண்டாயிரத்து ஐந்நூறு டிராக்மா, அன்றைய கணக்கில் முந்நூற்றைம்பது ரூபாய். விடுதி ஒரு இரவுக்கு ஏழாயிரம் டிராக்மா. நான் ஓட வந்திருக்கிறேன் என்று கைஜாடையில் சொன்னதும் டாக்சிக்காரர் என் தொடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் பஸ்ஸில் மாரத்தான் ஊருக்கு அழைத்துப் போனார்கள். குளிர் பன்னிரண்டு டிகிரி இருக்கும். எல்லோரும் அரைக்கால் சட்டையில் குதித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் செல்வி கொடுத்தனுப்பிய குரங்குக் குல்லாவில் நின்றேன். ஒரு ஜெர்மன்காரர் என்னோடு படம் எடுத்துக்கொண்டார். எட்டரைக்கு ஓட்டம் தொடங்கியது. முதல் பத்து கிலோமீட்டர் பூந்தமல்லி சாலை மாதிரி சமதரை, ஆனந்தமாக ஓடினேன். அதற்கப்புறம் மேடு, மேடு, மறுபடியும் மேடு. முப்பத்தொன்றாவது கிலோமீட்டர் வரை அது அடங்கவே இல்லை. இருபத்தாறில் வலது தொடை பிடித்துக்கொண்டது. நடந்தேன், ஓடினேன், ஊரிலிருந்து கொண்டுவந்து இடுப்பில் கட்டியிருந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே தின்றேன். வழியில் நின்ற கிழவர்கள் ஏதோ சொல்லிக் கைதட்டினார்கள். மொழி புரியாவிட்டாலும், நின்றுவிடாதே என்கிறார்கள் என்று புரிந்தது. கடைசியில் பளிங்குக் கல் விளையாட்டரங்குக்குள் நுழைந்தபோது நாலு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. முடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தைவிட, இனி ஓட வேண்டாம் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

திங்கள் காலை பதினொரு மணிக்குக் கப்பல். ஏறும் இடத்திலேயே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், கடைசி நாள்தான் திருப்பித் தருவார்களாம். அதுதான் வழக்கம் என்று பாபு சொன்னான். சரி என்று கொடுத்துவிட்டேன். மாலையில் மிகோனோஸ் தீவு. வெள்ளை வீடுகள், நீலக் கதவுகள். ஒரு படி இறங்க ஒரு நிமிடம் ஆகும் கால்களோடு அரை மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினேன். அறைக் கதவுக்கு அடியில் மறுநாள் நிகழ்ச்சிநிரலைச் செருகியிருந்தார்கள். “காலை ஏழு மணி, குஷாதாசி, துருக்கி.”

துருக்கி என்ற சொல்லை மூன்று தடவை படித்தேன். அங்கே இறங்காவிட்டாலும் பாஸ்போர்ட் என் கையில் இல்லையே! மொத்தமாக எல்லாவற்றிலும் முத்திரை குத்திவிட்டால்? லூர்துசாமி சாரின் மேஜையில் முத்திரை விழுந்த பக்கம் விரிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிகளில் பின்பக்கமாகவே நாலு தளம் இறங்கிச் சலவை அறைக்குப் போனேன். பாபு போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

“டேய் பாபு, நாளைக்குத் துருக்கியாமே?”

“இன்னா மாமா சொல்ற? அதுவும் தீவுதானே?”

“தீவு இல்லடா, வேற தேசம்! மூணு வருஷமா இந்தக் கப்பல்லதானே போய்ட்டு வர்ற?”

“போய்கினுதான் கீறேன். இங்க ஜன்னல் இன்னா கீதா, எட்டிப் பாக்க? கப்பல் நின்னா ஊரு, ஆடுனா கடலு. எனக்கு அவ்ளோதான் மாமா தெரியும்.”

அவனை அடிக்கக் கையை ஓங்கினேன். ஓங்கியதில் தொடை பிடித்துக்கொண்டு, அவன் மடித்து வைத்த போர்வைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிப்போயிற்று. “அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?” என்றான். வேலைச் சட்டையை மாற்றிக்கொண்டு, என்னைத் தாங்கிப் பிடித்து மேலே அழைத்துப் போனான். சலவைக்காரர்கள் பயணிகள் தளத்துக்கு வரக் கூடாது என்பது சட்டம். பிடிபட்டால் அவன் வேலையும் போகும், ஆனாலும் வந்தான்.

பாஸ்போர்ட் மேஜையில் ஒரு கிரேக்கப் பெண்மணி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், துருக்கி முத்திரை விழுந்தால் என் வேலை போய்விடும் என்று சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ. துருக்கி அதிகாரிகள் காலையில் கப்பலுக்கே வந்து பார்ப்பார்கள், அவர்கள் என்ன செய்வார்கள் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது, பட்டியல் ஏற்கெனவே போய்விட்டது என்றார். அவ்வளவுதான். அந்த ராத்திரி படுத்தேன், தூங்கவில்லை.

காலையில் கப்பலே காலியாயிற்று. எல்லோரும் பழைய ரோமானிய நகரம் ஒன்றைப் பார்க்கப் பஸ் ஏறினார்கள். நான் மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நூறடி தள்ளியிருந்த துருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளக் கடை, டீக்கடை, பூனைகள். தரையில் நின்ற ஒருவர் வாங்க வாங்க என்று கையசைத்தார். நான் கும்பிடு போட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. உடனே மேஜைக்குப் போனேன். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்ததும் சிரித்தார். என் பாஸ்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். கிரேக்க விசா, ஏதென்ஸ் முத்திரை, அப்புறம் வெறும் காகிதம். எனக்குத் துருக்கி விசா இல்லை என்பதால், இறங்கக் கூடாதவர்கள் என்று எங்கள் நாலைந்து பேர் பாஸ்போர்ட்டைத் தனியே ஒதுக்கிவிட்டார்களாம். ராத்திரியெல்லாம் நான் நடுங்கியது, நானே விரும்பினாலும் கால்வைக்க முடியாத ஊருக்காக! அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் திகைத்துப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கடல் நீலமாகத் தெரிந்தது. சாயங்காலம் பாத்மோஸ், புதன் காலை கிரீட், மாலை சாண்டோரினி. சாண்டோரினியில் மலையுச்சிக்குப் போக ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், அல்லது கழுதை, அல்லது கம்பிவடப் பெட்டி. எழுநூறு டிராக்மா கொடுத்துப் பெட்டியில் ஏறினேன், யோசிக்கவே இல்லை. மேலே உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்தேன். செல்வியும் குழந்தைகளும் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

ஆவடிக்குத் திரும்பியபோது நல்ல மழை. திங்கட்கிழமை பாஸ்போர்ட்டோடு போனேன். அறிக்கையில் என்ன எழுதுவது என்று விமானத்திலேயே குழம்பியிருந்தேன். முத்திரைதான் இல்லையே, ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் பின்னால் யாராவது கப்பல் பாதையைக் கேட்டால் அப்போது மாட்டுவது இதைவிட மோசம். எழுதிவிட்டேன்: “கப்பல் ஐந்து மணி நேரம் துருக்கித் துறைமுகத்தில் நின்றது. நான் இறங்கவில்லை.”

லூர்துசாமி சார் அந்த வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். “அஞ்சு மணி நேரம் என்ன பண்ணீங்க?”

“உக்காந்திருந்தேன் சார்.”

“உக்காந்தேவா?”

“கால் நடக்க வரல சார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தேன்.”

அவர் அறிக்கையின் ஓரத்தில் “இறங்கவில்லை, முத்திரை இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோப்பை மூடினார். “போங்க, போய் வேலையைப் பாருங்க” என்றார். அந்த வாக்கியத்தைப் போல இனிமையான ஒன்றை நான் அந்தப் பயணம் முழுக்கக் கேட்டதில்லை. மெஷின் ஷாப்புக்குள் நடந்து போகும்போது அழுதுவிட்டேன், சொல்வதில் வெட்கமில்லை.

கிளம்பப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஓட்டத்துக்கும் கப்பலுக்கும் நடுவே ஒருநாளாவது விடுங்கள். மேட்டுப் பயிற்சிக்கு ரயில்வே பாலத்தை நம்பாதீர்கள். தொடை இடுக்கில் வாசலின் தடவ மறக்காதீர்கள். கப்பல் நிற்கும் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விசாவும் அனுமதியும் அதற்கேற்ப வாங்குங்கள். அரசாங்க ஊழியர் என்றால், அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுதிவிடுகிறேன். அன்று சாயங்காலம் பெட்டியைக் காலி பண்ணும்போது செல்வி ஒரு காகிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நான் ஆவடியிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பிய கப்பல் முன்பதிவுத் தாளின் நகல். ஆறு ஊர்ப் பெயர்கள், மூன்றாவதுக்குப் பக்கத்தில் துருக்கி என்று கொட்டை எழுத்தில். கீழே என் கையெழுத்து. வேலையில் ஒரு மயிரிழை பிசகினாலும் பொருளை ஓரம்கட்டுகிறவன், அந்தத் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். “பாபுகிட்ட சொல்லிடாதே” என்றேன். செல்வி இன்றுவரை சொல்லவில்லை. நானோ அப்போதிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும், ஜன்னல் இல்லாத மச்சினன் என்னைத் துருக்கிக்குக் கடத்திய கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். பாபுவும் தலையைக் குனிந்துகொண்டு சேர்ந்து சிரிப்பான். இப்போது அவன் காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு ஓய்வாக இருக்கிறான், இந்த வலைப்பதிவை ஒன்று விடாமல் படிக்கிறான். பாபு, தப்பு என்னுடையதுடா. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், எல்லோர் எதிரிலும் சொல்கிறேன்.