தார்ப்பாய்க்குள் வெந்த மரச்சில்லு

அப்பாவுக்கு உலகத்தில் இரண்டு எதிரிகள்: மழை, நான். மழை அவருடைய மரச்சில்லுக் குவியலை நனைத்தது. நான் அதை மூடாதீர்கள் என்றேன்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கிடங்கில் அவர் மரக்கழிவை வாங்கிப்போட்டு, மெஷினில் சில்லுகளாக வெட்டி, உலர்த்தி, ஒரு சலவை ஆலையின் பாய்லருக்கு எரிபொருளாக விற்றார். அதை விட்டால் வாங்க ஆள் இல்லை. ஆலை கைவிட்டால் கிடங்கைப் பூட்டிவிட்டு என் ஃபிளாட்டில் வந்து இருக்க வேண்டியதுதான். என் வீட்டில் சத்தமாகத் தும்மக்கூட முடியாதாம்.

பச்சைச் சில்லைக் காற்றுப் புகாமல் மூடினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேற்றும். ஆவி தார்ப்பாயில் முட்டித் தண்ணீராகத் திரும்ப இறங்கும். இதைச் சொல்வதற்குத்தான் எரிபொருள் ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். அப்பாவோ குழந்தைக்குப் போர்த்துவதுபோல் நாலு பக்கமும் தார்ப்பாயைச் செருகிக் கல் வைப்பார். காலையில் ஒரு முனையைத் தூக்கி, ஆவி பறப்பதைக் காட்டுவார்.

"பாரு, காயுது."

"காயலப்பா, வேகுது."

"பாய்லருக்குப் போனா எப்படியும் வேகத்தானே போகுது."

ஆலையின் பாய்லர்காரர், லாரி வந்ததும் பின்பக்க வலது மூலையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து ஈரம் அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்ப்பார். அவருக்கு இடது தோள் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கையைத் தூக்க முடியாது. இதைக் கண்டுகொண்ட அப்பா, தரையில் சிதறி வெயிலில் காய்ந்த சில்லைக் கூட்டி அள்ளி அந்த ஒரு மூலையில் மட்டும் நிரப்பி அனுப்பினார். பரீட்சையில் காப்பியடிக்கக் கூடாது என்று எனக்கு வகுப்பெடுத்த மனிதர்.

பாய்லர்காரர் தோளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டார். அடுத்த லாரியில் இடது மூலையில் கைவிட்டார். சொதசொதவென்று வந்தது. லாரி அப்படியே திரும்பியது, இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற செய்தியோடு.

"அந்தாளுக்கு இப்பத்தானா தோள் சரியாகணும்?" என்றார் அப்பா. அவருடைய வருத்தம் அவ்வளவுதான்.

ஆனால் மறுநாள் அவரே தார்ப்பாயை உருவினார். மேலே தகரம், பக்கங்கள் திறப்பு என்று கொட்டகை போட்டு, குவியலைப் பிரித்துத் தாழ்வாகப் பரப்பி, தினமும் கிளறிவிட்டார். பூஞ்சை மூச்சில் போகும், முகமூடி போடுங்கள் என்றேன். போட்டார், தாடையில். காற்றோட்டம் தன்னுடைய கண்டுபிடிப்பு என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் குவியலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். சில்லு காய்ந்துகொண்டிருந்தது.

லோடு ஏற்றுவதற்குள் இறந்துபோனார். சலூனில், பாதி ஷேவில், மாரடைப்பு. முடிதிருத்துபவர் மீதியையும் மழித்துத்தான் அனுப்பினார். அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவையாம்.

லாரியில் நான் போனேன். அப்பாவின் செய்தியைக் கேள்விப்பட்டிருந்த பாய்லர்காரர் என்னைப் பார்த்ததும் மீட்டரைப் பையில் வைத்துவிட்டார்.

"இன்னிக்குப் பாக்கலம்மா. இறக்கிட்டுப் போங்க."

"பாருங்க. எல்லா மூலையிலயும் கை விட்டுப் பாருங்க."

விட்டார். நடுவிலும் தோண்டி எடுத்தார். மீட்டரைப் பார்த்தார், தட்டினார், மறுபடியும் பார்த்தார். அடுத்த லோடு எப்போது வரும் என்று கேட்டார்.

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று கண்ணைக் காட்டினேன். சில்லு காய்ந்திருந்த லட்சணத்துக்குத் தூசி பஞ்சமில்லாமல் பறந்தது. அவரும் நம்பிவிட்டார்.