மூன்றடி குறைந்த குழாய்

எங்கள் தோட்டத்துக்குப் போகும் பாதையை ஓர் ஓடை குறுக்கே வெட்டியிருந்தது. ஐப்பசி மழையில் மாட்டு வண்டியே அதில் அச்சு வரை இறங்கிவிடும். கோழிப்பண்ணை வைத்த பிறகு தீவனமும் முட்டையும் அந்த ஓடையைத் தாண்டித்தான் போய்வர வேண்டும் என்றாகிவிட்டதால், பட்டாளத்து ஏலத்தில் விலைபோய், இரண்டு கை மாறி வந்த ஒரு பழைய ஜீப் பிக்கப்பை வாங்கினேன். பெட்ரோல் எஞ்சின். முன்சக்கரங்களுக்கும் தனியாகக் கியர் உண்டு. அதைப் போட்டால் எந்தச் சேற்றிலும் முனகிக்கொண்டே ஏறிவிடும். எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் பக்கம் பண்ணை வைத்தவர்களில் பலரும் வாடகை வண்டியை நம்பியிருந்தார்கள். சொந்த வண்டி இருந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்த வருட மழையில் ஓடைக்குள் கிடந்த ஒரு பாறை சைலன்சரைப் பிடித்து இழுத்தது. சைலன்சர் கிழிந்தது மட்டுமல்ல, அந்த இழுப்பில் எஞ்சினோடு ஒட்டியிருக்கும் வார்ப்பிரும்புக் குழாயும் விரிசல் விட்டுவிட்டது. அந்த வண்டிக்கு அப்படி ஒரு பாகம் சேலத்திலும் இல்லை, ஈரோட்டிலும் இல்லை. நாமக்கல்லில் லாரிகளுக்கு வேலை செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். என் வயதுக்காரர்தான். அதிகம் பேசமாட்டார். வார்ப்பைத் தேடி அலைய வேண்டாம், எஞ்சினில் புகை வெளியேறும் நாலு வாய்க்கும் நாலு குழாய் வளைத்து ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்றார்.

குழாய்க்குள் காய்ந்த ஆற்று மணலைக் கெட்டித்து, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்தார். மணல் இருந்தால் குழாய் நசுங்காது. அப்படி வளைத்த நாலையும் ஒரு கனமான தகட்டில் பற்றவைத்து எஞ்சினில் முடுக்கினார். அதிலிருந்து வண்டியின் பின்பக்கம் வரை குழாயைக் கொண்டுபோவதுதான் பெரும்பாடாக இருந்தது. முன்சக்கரத்துக்கு ஓடும் தண்டும் கியர்ப்பெட்டியும் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தன. கீழே இறக்கினால் மறுபடி பாறையில் அடிபடும். கடைசியில் சட்டத்துக்கு மேலே தூக்கி, பாரம் ஏற்றும் பலகைத் தளத்துக்கு அடியிலேயே கொண்டுபோனார். அங்கேதான் குழாய் தீர்ந்துபோயிற்று. வண்டியின் வாலுக்கு இன்னும் மூன்றடி பாக்கி. அந்தக் கனத்துக் குழாய் நாமக்கல்லில் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் எனக்குக் கோழிக்குஞ்சு வருகிறது. பெங்களூரிலிருந்து ரயிலில் சேலத்துக்கு வந்து இறங்கும். இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்த குஞ்சு. ஒரு நாள் வயதுக் குஞ்சை ஸ்டேஷனில் காக்க வைக்க முடியாது. இதையெல்லாம் மெக்கானிக்கிடம் சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "வாய் வெளிய வரோணுமுங்க. இப்படிப் பலகைக்கு அடியிலயே உட்டா பொகை பூராவும் மேலதான் ஏறும்," என்றார்.

சேலத்துக்குத்தானே போகிறேன், குழாயை நானே வாங்கிவந்து தருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. ஆனால் சாவியைக் கொடுத்தார்.

விடிந்ததும் நானும் மனைவியும் கிளம்பினோம். போகும்போது அவள் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் காலி, தார்ப்பாயும் திறந்தே கிடந்தது. எஞ்சின் சத்தம் முன்னைவிடக் கணீரென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம். ஸ்டேஷனில் பெட்டிகளை வாங்கி ஏற்றும்போது கடைகள் திறந்திருக்கவில்லை. குழாய்க்கடை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் தூறல் பிடித்துவிட்டது.

குஞ்சு குளிரில் நின்றால் போயிற்று. அதனால் தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கி இறுக்கிக் கட்டினேன். சென்ற முறை வாடகை வண்டியில் கொண்டுவந்தபோது பெட்டிகள் சரிந்து, மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிறையக் குஞ்சுகள் மூச்சுமுட்டிச் செத்திருந்தன. இந்த முறை பெட்டிகளைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மனைவி பின்னால் ஏறினாள். அவள் காலை எடுத்து உள்ளே வைத்தபோது எனக்கு மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. இதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். ஞாபகம் வந்தது. பலகை இடைவெளிகளில் சாக்கு விரித்திருக்கிறதே என்று நினைத்தேன். ஒரு தடவைதானே என்று நினைத்தேன். பின்னால் கொக்கியை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அவளும் நானும் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். எனக்கு முதுகுப்பக்கம் இருக்கும் தகரத்தில் நான் இரண்டு தட்டு தட்டுவேன். அவள் திருப்பி இரண்டு தட்ட வேண்டும். மல்லூரில் தட்டினேன். உடனே பதில் வந்தது. குஞ்சுகளின் கத்தல் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டுக்கொண்டிருந்தது. குளிரினால்தான் கத்துகின்றன, போகப்போகச் சூடு ஏறினால் அடங்கிவிடும் என்று எண்ணிக்கொண்டேன்.

மழை வலுத்தது. கொஞ்ச தூரத்தில் கத்தல் உண்மையிலேயே அடங்கத் தொடங்கியது. சூடு கண்டுவிட்டன என்று நிம்மதியானேன். ராசிபுரம் பிரிவு வருமுன் மறுபடி தட்டினேன். நெடுநேரம் கழித்து ஒரே ஒரு தட்டு வந்தது. தூங்கி விழுகிறாளோ என்னவோ. இரண்டு மணிக்கே எழுந்து சோறாக்கியவள். அப்புறம் எனக்கே தொண்டையில் ஏதோ கரகரப்பு. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். மூன்றாவது முறை தட்டினேன். பதில் இல்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினேன். இல்லை. குஞ்சுச் சத்தமும் இல்லை.

உடனே நிறுத்தினேன் என்று எழுத எனக்கு ஆசைதான். நிறுத்தவில்லை. இந்த மழையில் தார்ப்பாயைத் திறந்தால் குளிர் அடிக்குமே, தூங்குகிறவளை எழுப்புவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் ஓட்டினேன். ஒரு மைல் இருக்கும், இரண்டு மைலாகவும் இருக்கலாம். அப்புறம் திடீரென்று, மெக்கானிக் தலையை ஆட்டாமல் நின்றது கண்ணில் வந்தது. வண்டியைச் சாலையோரம் சாய்த்து நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். கயிற்று முடிச்சு மழையில் ஊறி அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

சூடான, கண்ணை எரிக்கும் காற்று முகத்தில் அடித்தது. அவள் பெட்டிகள்மேல் சாய்ந்து கிடந்தாள். முகம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது. அதனால் முதலில் ஒன்றுமில்லை என்றே தோன்றியது. கையைத் தொட்டேன், துணிபோலத் தொங்கிற்று.

இழுத்துக் கீழே இறக்க என்னால் ஆகவில்லை. பக்கத்துச் சோளக்காட்டில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற ஓர் அம்மா, "என்ன சாமி ஆச்சு?" என்று கேட்டபடி வரப்பைத் தாண்டி ஓடிவந்தார். இருவருமாக இறக்கிப் புளியமரத்தடியில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். மழை அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கன்னத்தில் தட்டினார், உள்ளங்காலைத் தேய்த்தார். நான் ஒன்றும் செய்யாமல் அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் இனி ஏறாது என்றே நினைத்தேன்.

பிறகு அவள் புரண்டு வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஊடு வந்துருச்சுங்களா?" என்றாள்.

தார்ப்பாயை முழுக்க அவிழ்த்துப்போட்டு, அவளை முன்னால் உட்கார வைத்து, அந்த அம்மாவையும் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ராசிபுரத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் அவள் மூக்கில் பிராணவாயுக் குழாயை வைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் போகலாம் என்று விட்டபோது, சில நாளைக்குத் தலைவலி இருக்கும், மறதி ஏதாவது தெரிந்தால் கூட்டிவாருங்கள் என்றார். வண்டியில் பாதிக்கு மேல் குஞ்சுகள் செத்திருந்தன. அன்று அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அந்த 'மறதி' என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவள் தூங்கினால் எழுப்பினேன். எழுந்தால் கேள்வி கேட்டேன். அமாவாசை என்றைக்கு, இளம்பிள்ளை ஊரில் வாங்கிய சேலை என்ன நிறம், தங்கச்சி மகனுக்கு எந்த மாதம் காதுகுத்தினோம். ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை. சோற்றில் கைவைத்தபடியே எனக்கு வியர்த்துவிட்டது. உப்புப் போடாத குழம்பை எத்தனை வீட்டில் எத்தனை பேர் தின்றிருக்கிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு காலையில் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்னைய எதுக்குங்க பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்ட கேள்வி கேட்டுட்டே இருக்கறீங்க?"

மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். அவள் தொட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப முன்னாலயே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"நான் ஏறும்போது நெனப்பு வரலீங்களா?"

பொய் சொல்ல நல்ல இடம் அது. "வந்துது, அம்மிணி. ஒரு தடவைதானேன்னு உட்டுட்டேன்," என்றேன்.

அவள் மீதித் தொட்டிகளை எல்லாம் கழுவினாள். மறுநாள், வண்டியை எடுங்க, நானும் வாரேன் என்றாள்.

சேலத்தில் குழாயை வாங்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். லாரிக்காரர்கள் சொல்லி அவருக்கு நடந்தது ஏற்கெனவே தெரிந்திருந்தது. சாவியைக் கொடுத்திருக்கக் கூடாது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் ஒரு டிரம்மின்மேல் உட்கார்ந்து, அவர் குழாயை நீட்டிப் பற்றவைப்பதைக் கடைசிவரை பார்த்தாள். வாய் வண்டியின் வாலைத் தாண்டி, பக்கவாட்டில் திரும்பி நின்றது. எஞ்சினைப் போடச் சொல்லி, எங்காவது கசிகிறதா என்று ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவச் சொன்னாள். எங்கேயும் குமிழி வரவில்லை.

அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க பின்னால ஏறுங்க," என்றாள்.

ஏறினேன். தார்ப்பாயை இறக்கி அவளே கட்டினாள். மெக்கானிக் ஓட்ட, அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். புதுச்சத்திரம் வரை போய்த் திரும்பினோம். உள்ளே அரை இருட்டு. ஈரச்சாக்கு வாசனை, கோழித்தீவன வாசனை. ஒவ்வொரு மூச்சையும் மோந்து மோந்து இழுத்தேன். தலை லேசாகக் கனத்தாற்போல் இருந்தது. அது புகையா பயமா என்று தெரியவில்லை. புத்தி மங்குகிறதா என்று பார்க்க, பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு என்பதில் சந்தேகம் வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவள் அன்று என்ன நினைத்திருப்பாள், கத்தினாளா, கத்தியும் எனக்குக் கேட்கவில்லையா என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். அதைக் கேட்கும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

பட்டறையில் அவளே முடிச்சை அவிழ்த்தாள். பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "சூடு இல்லீங்க," என்று மெக்கானிக்கிடம் சொன்னாள்.

அந்த வண்டி எங்களிடம் இன்னும் ஆறேழு வருடம் ஓடியது. மறதி ஒன்றும் வரவில்லை. என்னைவிட அவளுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. குழாயை நீட்டிய மறுவாரம் அவள் அம்மா வீட்டிலிருந்து பார்க்க வந்தவர்கள் எல்லாரிடமும், வெறும் வயிற்றோடு போனதில் வண்டியில் மயக்கம் வந்துவிட்டது என்றுதான் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் அண்ணன் என்னைப் பார்த்து, நல்ல வேளை நீங்க கூட இருந்தீங்க மாப்பிள்ளை என்றார். நான் தலையாட்டினேன்.