லெஸ்டர் செத்துக் காட்டிய காட்சி

சண்டைப் படங்களில் சாவதுதான் லெஸ்டர் ப்ரூயிட்டின் பிழைப்பு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவொன்றில் நிஜமாகவே சண்டை போட்டுத் திரும்பியவன், ஹாலிவுட்டில் கூட்டத்தில் ஒருவனாக விழுந்து எழுந்துகொண்டிருந்தான். என்ன கொடுமை பாருங்கள்!

தூக்கத்தில் அலறுவான். மனைவி வெர்னா உலுக்கி எழுப்பி, "அங்க என்னதான் பாத்தே? சொல்லித் தொலையேன்!" என்பாள். அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வான். இப்படியே போனால் இவள் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று உள்ளூர நடுங்கினான்.

1950ஆம் வருடம் ஒரு படத்தில் அவனுக்கென்று தனியாக ஒரு சாவு கிடைத்தது. "ஜோடனையெல்லாம் வேண்டாம்ப்பா, நீ பாத்தபடியே செய்" என்றார் இயக்குநர் ஹால்டேன். லெஸ்டர் அந்தத் தீவில் தன் தோழன் ஆர்லோ செத்ததைச் செய்தான். சுருண்டு விழுந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான், கெஞ்சினான், கெட்ட வார்த்தையில் திட்டினான், மூக்கொழுக அழுது அடங்கினான். விளக்குப் பிடித்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இதையே பிரிண்ட் போடுங்கய்யா!" என்று கத்தினார் ஹால்டேன். அந்த வார்த்தை வந்துவிட்டால் காட்சி படத்தில் நிச்சயம் இருக்கும் என்பது கூட்ட நடிகர்களின் நம்பிக்கை. அப்பாவி ஜென்மங்கள்.

லெஸ்டர் வீட்டுக்கு ஓடினான். "படம் வரட்டும் வெர்னா. நான் பாத்தது அப்படியே அதுல இருக்கு. அதுக்கப்புறம் நீ எதுவுமே கேக்க வேண்டியிருக்காது."

படம் வெளிவருமுன் வெளியூர்க்காரர்களுக்குப் போட்டுக்காட்டி அபிப்பிராயம் எழுதி வாங்குவது ஸ்டூடியோ வழக்கம். பொமோனா என்ற ஊரில் போட்டார்கள். லெஸ்டர் சாகும்போது சில பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். "படம் பாக்க வந்தோமா, எழவுக்கு வந்தோமா?" என்று எழுதிக் கொடுத்தார் ஒருவர். தயாரிப்பாளர் அந்தச் சீட்டைப் படித்தார். விழுவது மட்டும் இருக்கட்டும், மற்றதை வெட்டு என்றார். இதையெல்லாம் கூட்ட நடிகனிடம் யார் சொல்லப்போகிறார்கள்?

படம் வெளியான முதல் நாளே வெர்னாவைக் கூட்டிக்கொண்டு போனான். காட்சி நெருங்க நெருங்க அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் லெஸ்டர் விழுந்தான். சத்தமே இல்லை. "நீ தூங்குடா தம்பி, உன் பங்குக்கும் நான் சுடுறேன்" என்றான் கதாநாயகன். அடுத்த நொடி சமையல்காரச் சிப்பாய் சேற்றில் வழுக்கி விழ, தியேட்டரே சிரித்தது.

வெர்னாவும் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "அப்பாடா! இவ்வளவுதானா லெஸ்டர்? நான் என்னென்னவோ நெனச்சுப் பயந்து செத்தேன்."

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"இவ்வளவுதான்" என்றான் லெஸ்டர். அதற்குப் பிறகு வெர்னா எதுவும் கேட்கவில்லை. அவனும் சாகும்வரை சொல்லவில்லை.