தாழ்ப்பாள் இல்லாத விண்வெளி

வானத்தைப் பற்றி மணியக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் துணி காயுமா காயாதா என்பதுதான். அப்படிப்பட்டவள் ஒரு சூரியனையும் அதைச் சுற்றிவரும் மூன்று கிரகங்களையும், அவற்றுக்கு நடுவே ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்கும் ஒரு விண்வெளி நிலையத்தையும் உண்டாக்கினாள் என்றால் அது ஆசைப்பட்டுச் செய்த காரியமில்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

மணியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, அலுவலகத்தில் வைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் மணியை அமுக்கினால் அந்த அழைப்பு அவளுடைய மேசைக்குத்தான் வரும். "பயப்படாதீங்க, கதவை இழுக்காதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்று தொடங்கி, மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டும். அங்கே உட்கார்ந்தபடி அவளால் எந்தக் கதவையும் திறக்க முடியாது. ஆனாலும் அந்த வேலை அவளுக்குப் பொருந்திப்போனது. சினிமாவுக்குப் போனால்கூடப் படத்தைப் பார்க்குமுன் வெளியே போகும் வழி எங்கே என்று பார்க்கிறவள். "எதுக்கும் இருக்கட்டும்" என்பது அவள் வாயில் ஓயாமல் வரும் சொல். "பொறந்ததும் அழுறதுக்கு முன்னாடி தீயணைப்பு நம்பரைக் கேட்டிருப்பா" என்று அவள் கணவர் சொல்வார். அவர் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். வாய் சும்மா இருக்காது.

அவளுக்கு ஒரே தம்பி. பெற்றோர் போன பிறகு அவள்தான் அவனைப் படிக்க வைத்தாள். அவள் வீட்டிலேயே தங்கி, பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் நல்ல வேலையில் இருந்தான். ஒரு திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிறகு போகவே இல்லை. காதல் தோல்வியா, அலுவலகத்தில் சண்டையா, ஒன்றும் கிடையாது. கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பான். சுவரைப் பார்த்துப் படுத்தவன் அப்படியே கிடந்தான். ஒருநாள் அவள் சாப்பாட்டுத் தட்டோடு போய் நின்றபோது, "தூங்கி எழுந்திரிக்காமலே இருந்துட்டா நல்லா இருக்கும்கா" என்றான். உப்புக் கொஞ்சம் வேண்டும் என்று கேட்பது மாதிரி அதைச் சொன்னான். அன்று பிடித்த பயம் பிறகு அவளை விடவே இல்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தனியாக விடவேண்டாம் என்றார். முன்பு அவனுக்குப் பிடித்தது எதுவோ அதில் மெதுவாக இழுத்துவிடப் பாருங்கள் என்றும் சொன்னார்.

அவனுக்குப் பிடித்தது ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு உலகத்தைக் கற்பனை செய்து வைப்பார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, நான் இதைச் செய்கிறேன், நீ என்ன செய்கிறாய் என்று வாயாலேயே கதையை நகர்த்துவார்கள். காரியம் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நல்ல நாளில் தம்பிதான் நண்பர்களுக்கு உலகம் படைத்துக் கொடுப்பான். இப்போது யார் கேட்டாலும் திரும்பிப் படுத்துக்கொண்டான். சரி, நானே படைக்கிறேன் என்று மணியக்கா உட்கார்ந்துவிட்டாள்.

உதவிக்கு வந்தவன் தம்பியின் நண்பன். செல்போன் பழுது பார்க்கிறவன். ஆள் ஒல்லி என்பதால் குச்சி. "விண்வெளின்னா காத்து கிடையாதுக்கா" என்று அவன் தொடங்கியதுமே அவள், "அப்போ ஜன்னல் வைக்கக்கூடாது" என்று குறித்துக்கொண்டாள். தேதி போன காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வட்டம் போட்டு நிலையத்தை வரைந்தாள். அதற்கு அடைக்கலம் என்று பெயர். தோட்டம் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, குப்பை எந்தப் பக்கம் போகும் என்று எல்லாவற்றையும் யோசித்தாள். குச்சியே அசந்துபோனான்.

பிறகு சட்டங்களை எழுதினாள். ஆயுதம் கூடாது, சுவரில் ஓட்டை விழுந்துவிடும். நிலையத்துக்கு வெளியே போவதானால் இரண்டு பேர் ஒரே கயிற்றில் போக வேண்டும். மருந்து அந்தந்த வேளைக்கு மட்டும் கொடுக்கப்படும். அறைக் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.

"குளிக்கும்போது என்ன பண்றதாம்?" என்றார் கணவர்.

"பாடிக்கிட்டே குளிக்கணும். ஆள் இருக்கிறது வெளியே தெரியுமில்ல."

"அப்போ நான் குளிக்கலை. நிலையம் நல்லா இருக்கட்டும்."

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, காலண்டர் தாள்களைச் சுவரில் ஒட்டி, மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கணவர் கிரகங்களுக்கிடையே பொருள் விற்கும் வியாபாரி. கப்பலே இல்லாதபோது சரக்குக்குத் தள்ளுபடி கேட்டுக்கொண்டிருந்தார். குச்சி விமானி. அவர்கள் போட்ட சத்தத்தில் அறைக்கதவு திறந்தது. தாடியும் கசங்கிய சட்டையுமாகத் தம்பி வந்து ஓரமாக நின்றான். சுவரில் இருந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தான்.

"காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் எங்க இருக்கு? இத்தனை பேருக்கு ஒண்ணு போதாதே" என்றான்.

பல மாதங்களில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது. மணியக்கா தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் துடைக்கும் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தம்பி நிலையத்தின் இன்ஜினியர் ஆனான்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தான். இன்ஜினியராகக் கோபப்பட்டான், வாதாடினான், ஒருமுறை அத்தானின் வியாபாரியைக் கப்பலில் ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாய் பேசியவன் திங்கட்கிழமை ஊமை. ஒரு காலையில் அவள் அவன் அறை வாசலில் நின்று, "இன்ஜினியர் சார், சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். வெட்கமும் துக்கமுமாக அவள் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். அவள் படைத்த ஊரில் உயிரோடிருக்கிறவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிவர அவளுக்கு வழி தெரியவில்லை.

ஆட்டத்தில் குச்சிக்குத்தான் முதலில் பொறுமை போனது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு நாளா விளையாடுறோம், ஒருத்தனுக்கும் சின்னக் கீறல்கூட விழலை. எங்க போனாலும் ரெண்டு பேர், எதைத் தொட்டாலும் ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிக்கிறார். ஜெயில்லகூட இவ்வளவு கட்டுக்காவல் இருக்காது."

"விண்வெளி ஆபத்தான இடம்டா."

"ஆபத்தே வரலையேக்கா."

தம்பி சுவரிலிருந்த சட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தான். "நம்ம வீடு" என்றான்.

சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும். மழைக்கு மரம் உப்பி இறுகிக்கொள்கிறது என்று சொல்லித் தச்சரை வரவழைத்து, தம்பியின் அறையிலும் குளியலறையிலும் இருந்த தாழ்ப்பாள்களைக் கழற்றியவள் அவள்தான். மாத்திரைகள் அவள் கைப்பையில். அவளும் கணவரும் சேர்ந்து வெளியே போவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இத்தனையும் செய்தவளுக்கு, அதையே நட்சத்திரங்களுக்கு நடுவில் கொண்டுபோய் எழுதி வைத்திருக்கிறோம் என்பது அந்த நிமிடம்வரை உறைக்கவில்லை. எல்லாம் தன் சொந்தக் கற்பனை என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது புரிந்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

அடுத்த ஞாயிறு தம்பி வரமாட்டான் என்றே நினைத்தாள். மற்றவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்ஜினியர் நிலையத்துப் பழைய ஆள் ஒருத்தரைப் போய்ப் பார்க்கிறான். இதைக் கட்டினவங்க ஏன் தாழ்ப்பாள் வைக்கலைன்னு கேட்கிறான்" என்றான்.

இந்த விளையாட்டில் கேட்ட கேள்விக்கு உலகத்தைப் படைத்தவர் பதில் சொல்லியாக வேண்டும். மணியக்கா சுவரிலிருந்த அந்தச் சட்டத்தைப் பார்த்தாள். "அவங்களுக்கு ஒருத்தன் இருந்தான்" என்றாள். "அவன் எங்க இல்லாமப் போயிடுவானோன்னு பயம்."

"அவன்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"என்ன பதில் வருமோன்னு பயம்டா."

தம்பி பகடைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"இன்ஜினியர் வெளியே போறான். தனியா. கயிறு வேண்டாம்."

"நானும் வரேன் மாப்ளே. வெளியில யாராவது எதையாவது வாங்குவாங்க" என்றார் கணவர்.

"வேண்டாம் அத்தான்."

சட்டம் இருக்கிறது, முடியாது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவன் எழுந்து அறைக்குப் போய்விடுவான், இனி எந்த ஞாயிறும் வரமாட்டான். சரி என்றால், எதற்குச் சரி என்கிறோம்? இருதலைக்கொள்ளி எறும்பாக அவள் தவித்தாள். குச்சி அவளையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தான்.

"பகடையில எத்தனை விழணும்கா?" என்றான் தம்பி.

"ரெண்டு."

"ரெண்டு பகடை போட்டா ரெண்டுக்குக் கீழ விழவே விழாதேக்கா" என்றான் குச்சி.

"தெரியும்டா."

தம்பி போட்டான். எவ்வளவு விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

"கதவு திறக்குது" என்று மணியக்கா தொடங்கினாள். "நீ வெளியில இருக்கே. சத்தமே இல்லை. கீழே கிரகத்துல பாதி இருட்டு, பாதி வெளிச்சம். பின்னாடி நிலையத்து விளக்கெல்லாம் தெரியுது." ஒவ்வொரு முறையும் விளையாட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டாள். "இப்போ என்ன செய்யறே?"

அவன் யோசித்தான். "தெரியலைக்கா."

"திரும்பி வர்றியாடா?"

"நீதானே எல்லாத்தையும் உண்டாக்கினே. நீயே சொல்லேன்."

"இடத்தைத்தான் நான் சொல்லலாம். நீ என்ன செய்யப்போறேங்கிறதை நான் சொல்ல முடியாதே."

அவன் அவளைப் பார்த்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு இன்ஜினியர் இல்லாமல் தம்பியாகவே பார்த்தான். கண்ணில் அவ்வளவு களைப்பு இருந்தது.

"கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கேன்கா" என்றான். "காத்து எவ்வளவு நேரத்துக்கு வரும்?"

சட்டப்படி அதற்கு ஓர் அளவு உண்டு. அதை அவளே எழுதியிருக்கிறாள். குச்சி சுவரில் அந்தத் தாளைத் தேடினான்.

"உனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு" என்றாள் மணியக்கா.

அவன் தலையாட்டினான். வருகிறேன் என்று சொல்லவில்லை.