ஒரே ஊர்க்காரர்கள்

இந்த நாட்டில் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தாலும், நீங்கள் என்ன இனம் என்று ஒரு தாள் கேட்கும். வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்று வரிசையாகக் கட்டங்கள். சொல்ல விருப்பமில்லை என்பதற்கும் ஒரு கட்டம். எல்லோரையும் சமமாக நடத்தத்தான் கேட்கிறோம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 2004-இல் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இதைக் கேலி செய்து கடலூருக்குக் கடிதம் எழுதினேன். தாளே தேவைப்படாத அளவுக்கு நாம் தேர்ந்தவர்கள் என்பது உறைக்க எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

அன்பரசுவை ஒரு பேருந்து நிறுத்தத்தில் சந்தித்தேன். மருத்துவமனையில் நர்ஸ், சிதம்பரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் நடுவே ஒரு கிராமம். செல்பேசியில் அவர் “அவுங்க” என்று இழுத்தது காதில் விழுந்ததும், நான் கடலூர் முதுநகர் என்று போய் நின்றேன். “நம்ம பேச்சக் கேட்டு எட்டு மாசம் ஆவுது மாமா” என்றார். அந்த மாமாவில் கரைந்துபோனேன்.

அவருக்குத் தங்க இடம் அமையவில்லை. போனில் காலியாக இருக்கும் அறை, ஆளை நேரில் கண்டதும் நிரம்பிவிடும். ஒரு நாள் நானும் கூடப் போனேன். வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் கதவைப் பாதி திறந்து, தன் உறவுக்காரப் பெண் அந்த அறைக்கு வருகிறாள் என்றார். மறுநாளும் ஜன்னலில் ‘வாடகைக்கு’ அட்டை தொங்கியது. நான் கொதித்துப்போய் ஜனநாயகம், சமத்துவம், தோல் நிறம் என்று நகராட்சிக்கு மூன்று பக்கப் புகார் எழுதிக்கொடுத்தேன். என் ஆங்கிலம் எனக்கே பிடித்துப்போயிற்று. சாட்சியும் நானே. வேறு இடம் கிடைக்கும்வரை எங்கள் மாடி அறையில் இருங்கள் என்றும் சொல்லிவைத்தேன்.

என் பெருந்தன்மையை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. சிதம்பரத்திலிருக்கும் மச்சானைப் போனில் பிடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். “ஊரா, காலனியா?”

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிராமத்துக்குப் பெயர் ஒன்றுதான், இடம் இரண்டு. சாதிக்காரர்கள் இருப்பது ஊர். தலித் மக்கள் இருப்பது காலனி. கடலூரிலிருந்து அத்தை வீட்டுக்குப் போகும் பேருந்தில் கண்டக்டர் இரண்டு முறை விசில் அடிப்பார்: “காலனி எறங்கு”, அப்புறம் “ஊரு எறங்கு”. கல்லூரியில் சாதி ஒழிப்பைப் பற்றி முழங்கிக் கோப்பை வாங்கிய மறுநாளும் அதே பேருந்தில்தான் போனேன். கோப்பையோடு ஊரில் இறங்கினேன்.

அடுத்த நாள் அன்பரசு வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்து, மழையைப் பற்றி விசாரிப்பதுபோல, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். காலனி என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். “மாடி ரூமுக்கு இவ அக்கா பொண்ணு வர்றதா இருக்கு” என்று யாரோ சொல்வது கேட்டது. குரல் என்னுடையது. என் மனைவிக்கு அக்காவே கிடையாது. அந்த அம்மாளாவது கதவைப் பாதியோடு நிறுத்திக்கொண்டார்; நான் முழுதாகத் திறந்து, சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டிருந்தேன்.

“சரிங்க சார்” என்று எழுந்துகொண்டார் அன்பரசு.

இரண்டு வாரம் கழித்து புகார் விசாரணை. வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, போனேன். அதிகாரி ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண். இருவரும் ஒரே ஊரா என்று பேச்சுக்குக் கேட்டார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன். “இல்லை. அவர் ஊர், நான் காலனி” என்றார் அன்பரசு, நிதானமான ஆங்கிலத்தில்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. காலனிகளில் தன் நாட்டார் செய்ததெல்லாம் வெட்கக்கேடு என்றும், அதற்காகத் தனிப்பட்ட முறையில் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். அன்பரசு நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா சார், மன்னிப்பே கேட்டுட்டாங்க. எந்தக் காலனின்னுகூட அவுங்களுக்குத் தெரியாது.”

பிறகு என் முறை. இவருக்கு அறை மறுக்கப்பட்டதை நேரில் பார்த்தீர்களா என்றார் அதிகாரி. பார்த்தேன் என்றேன். எத்தனை முறை?

“இரண்டு முறை.”

அன்பரசு நிமிர்ந்து பார்த்தார். தாளில் ஒரு வீடுதானே இருக்கிறது என்று புரட்டிப் பார்த்த அந்தப் பெண், இரண்டாவது வீட்டின் முகவரியைக் கேட்டுப் பேனாவைத் திறந்தார். எனக்கு முதலில் வாயில் வந்தது, நான் பிறந்த முதுநகர் வீட்டு முகவரி.