கரையாத சாயம்

குன்றத்தூர் சாயப்பட்டறையில் இருதயசாமி தோய்த்த நூல் முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடச் சாயம் விட்டதில்லை. 1966-இல் முதலாளி நரசிம்மன், அமெரிக்காவுக்குப் போகும் கட்டம் போட்ட துணிக்குத் துவைக்கத் துவைக்கச் சாயம் கரையும் நூல் வேண்டும் என்றார். அங்கே அதுதான் நாகரிகமாம். இருதயசாமிக்கு மனம் வரவில்லை. நன்றாகச் சாயம் பிடிக்கும்வரை கொதிக்கவிட்டே எடுத்தார். நெய்து வந்த துணியைத் தண்ணீரில் முக்கிப் பார்த்த ஏற்றுமதி ஏஜெண்டு, சாயம் போகவில்லை என்று மொத்தத்தையும் திருப்பிவிட்டார்.

"சாயம் போச்சுன்னு ஒருத்தன் வந்து நின்னதில்ல மொதலாளி" என்றார் இருதயசாமி.

"இப்ப போவலன்னு வந்து நிக்கிறான்யா! இன்னொரு வாட்டி இப்டி செஞ்சா வேற ஆள வச்சுக்குவேன்."

மறுநாள் நூலைப் பாதிக் கொதியிலேயே எடுத்தார். அலசிய தண்ணீர் நீலமாக ஓடியது. தான் தோய்த்தது என்று நெசவாளர்களுக்குத் தெரிய ஒவ்வொரு நூல்கட்டிலும் போடும் முடிச்சை இருதயசாமி அன்று போடவில்லை.